உங்க பேப்பர்ல கூடை செஞ்சு வெச்சிருக்கேன் சார்

ஆசிரியர் சாருக்கு,

வணக்கம். நான் கும்பகோணம் பக்கத்துல ஒரு ஊர்ல வீட்டுலயே மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கறவ. இருபது வருஷத்துக்கு மேல உங்க பேப்பர்தான் எங்க வீட்டுக்கு வருது. காலைல எங்க வீட்டுக்காரர் படிப்பாரு, மத்தியானம் கஸ்டமர் யாரும் வராத நேரமா பாத்து நான் படிப்பேன், அப்புறம் அதே பேப்பர்ல பேட்டர்ன் வரைஞ்சு வெட்டிடுவேன், உங்க தலையங்கம் இந்த ஊர்ல எத்தன பேரோட முதுகு அளவா மாறியிருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. இதுவரைக்கும் லெட்டர்னு ஒண்ணு எழுதினதில்ல. இப்ப எழுத வெச்சது ஞாயித்துக்கெழம இணைப்புல வர்ற அந்தக் கைவேலைப் பக்கம்.

போன மாசம் ஒரு சுவர் அலங்காரம் போட்டிருந்தீங்க. ரொம்ப ஈஸி, செலவு கம்மி, வீட்ல இருக்கற பொருளை வெச்சே பண்ணிடலாம்னு மேல போட்டுட்டு கீழ தேவையான பொருள்னு ஒரு பட்டியல். எம்டிஎஃப் பலகை வட்டமா வெட்டினது ஒண்ணு, அக்ரிலிக் பெயிண்ட் ஆறு கலர், க்ளூ கன், அதுக்கு க்ளூ ஸ்டிக், கண்ணாடிச் சில்லு ஒரு பாக்கெட், தங்கக் கலர் லேஸ் ரெண்டு மீட்டர். இதுல எங்க வீட்ல இருந்தது லேஸ் மட்டும்தான், அதுவும் நான் தையக்காரிங்கறதால. மத்ததெல்லாம் யார் வீட்ல சார் சும்மா கெடக்கு? சின்னவ லீவுல இருக்கா, செஞ்சே ஆகணும்னு ஒரே அழும்பு, சரின்னு கூட்டிட்டுப் போயி ஃபேன்சி ஸ்டோர்ல வாங்கினா பில்லு 685 ரூபா. அதே மாதிரி ரெடிமேடா செஞ்சது அந்தக் கடை வாசல்லயே 350ன்னு விலை ஒட்டித் தொங்குது. கடைக்காரப் பையன் என்னைப் பாத்து சிரிச்ச மாதிரி இருந்துச்சு, நெசமாவே சிரிச்சானான்னு தெரியல.

வீட்டுக்கு வந்து அந்த க்ளூ கன்னை ப்ளக்ல போட்டா பசை நூல் நூலா சிலந்திவலை மாதிரி இழுத்துக்கிட்டு வருது, சின்னவளுக்கு கட்டைவிரல்ல ஒரு சொட்டு விழுந்து கொப்புளம். எப்படியோ முடிச்சு, பின்னாடி அதே பசையை வெச்சு ஹால் சுவத்துல ஒட்டினோம், உங்க பக்கத்துல அப்படித்தான் போட்டிருந்துச்சு. எங்க வீடு சுண்ணாம்பு அடிச்ச பழைய சுவரு சார். ராத்திரி ரெண்டு மணிக்கு தடால்னு ஒரு சத்தம், எங்க வீட்டுக்காரர் திருடன்னு நெனச்சு டார்ச்ச தூக்கிட்டு ஓடறாரு, பாத்தா இது. பசை என்னவோ விடல, பசையோட சேந்து உள்ளங்கை அகலத்துக்கு சுண்ணாம்பு உரிஞ்சுட்டு வந்துடுச்சு. இப்ப அந்த எடத்துல காலண்டர் மாட்டியிருக்கேன்.

நான் சண்டைக்கு வரல. அழகா இருந்துச்சு, கீழ விழற வரைக்கும். ஆனா செலவு கம்மி, ஈஸிங்கற வார்த்தைய எதுக்குப் போடறோம்னு கொஞ்சம் யோசிச்சுப் போடுங்கன்னுதான் சொல்றேன். சுவத்துல போயிருந்த சுண்ணாம்ப பாத்துக்கிட்டு உக்காந்திருந்தப்பதான் எங்கம்மாவோட பேப்பர் கூடை ஞாபகம் வந்துச்சு, அதைப்பத்தி எழுதத்தான் இந்த லெட்டரே.

அந்தக் காலத்துல மூங்கில் முறம் வாங்கினா அப்படியே பொழங்க மாட்டாங்க, முடைஞ்ச எடத்துல இடுக்கு இருக்கும், ரவையும் மாவும் ஒழுகிடும். அதனால பழைய பேப்பரும் வெந்தயமும் அரைச்சு முறத்துக்கு மெழுகுவாங்க. மெழுகினது போக மீதி கூழ் இருக்குமில்ல, அதை வீணாக்காம ஒரு பானைய கவுத்துப் போட்டு அது மேல அப்பி காய வெச்சா கூடை. அவ்ளோதான் விஷயம். எங்கம்மா வீட்ல அந்தக் கூடைல உளுந்து, தொவரம்பருப்பு, மிளகா வத்தல் எல்லாம் இருக்கும். பேப்பர்னு சொன்னா நம்ப மாட்டீங்க, தட்டினா மரம் மாதிரி டொக்குனு சத்தம் வரும். இதே மாதிரி காகிதக் கூழ்லயும் விழுப்புரம், பண்ருட்டி பக்கம் கொலு பொம்மை செய்யறாங்க, எங்க தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைலயும் காகிதக் கூழ் வேலை உண்டு, ஆக இது ஒண்ணும் ஏதோ கிராமத்துக் கிழவி வித்தை கெடையாது.

எங்கம்மாவுக்கு இப்ப 76 வயசு, தம்பி வீட்ல இருக்காங்க. போன் பண்ணி அளவு கேட்டேன். அளவா, அதெல்லாம் யாரு பாத்தா, கையில எடுத்தா தெரியும்னுட்டாங்க. அப்படித்தான் நம்ம வீட்டு அம்மாங்க எல்லாரும் சமையலுக்கும் சொல்லுவாங்க. அதனால நானே மூணு தடவ செஞ்சு பாத்து கண்டுபிடிச்சத எழுதறேன், ரெண்டு தடவ கெட்டுப்போச்சு, அதையும் எழுதறேன், ஏன்னா உங்க பக்கத்துல கெட்டுப்போறதப்பத்தி ஒருநாளும் யாரும் எழுதறதில்ல.

அரை கிலோ பழைய பேப்பர், கைநிறைய வெந்தயம், எடை போட்டா அம்பதுலேந்து எழுபது கிராம் வரும். இதுல ஒரு கூடை ஆகும், பத்து அங்குலம் வாய் இருக்கற கூடை. பேப்பர வெட்டக்கூடாது, கையால கிழிக்கணும், கத்திரில வெட்டினா விளிம்பு நறுக்குனு நிக்குது, கிழிச்சா நார் நாரா பிரியுது, ஊறும்போது வித்தியாசம் நல்லா தெரியுது. பக்கெட்ல தண்ணி விட்டு மூணு நாள் ஊறணும், தினம் தண்ணிய மாத்தணும். மொத நாள் தண்ணி கரிக்கலரா இருக்கும், எல்லாம் உங்க மைதான், மூணாம் நாள் தெளிஞ்சுடும். தண்ணிய மாத்தலன்னா வர்ற நாத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கேப்பாங்க. வெந்தயத்த அரைக்கறதுக்கு மொத நாள் ராத்திரியே தனியா ஊறப்போடணும்.

அரைக்கறதுதான் பெரிய பாடு. எங்கம்மா ஆட்டுக்கல்லுல அரைப்பாங்க, மத்தியானம் எல்லாரும் தூங்கற நேரத்துல உக்காந்து அரைப்பாங்க. அரிசி அரைச்சா கரகரன்னு கேக்குமில்ல, பேப்பர் அரைக்கறப்ப சத்தமே இருக்காது, கல்லு மட்டும் சுத்தறது தெரியும். நான் மிக்ஸில போட்டேன். ஜார் நெறைய போட்டு ஓட்டினதுல ரெண்டே நிமிஷத்துல நின்னுபோச்சு, போச்சுடா மிக்ஸின்னு நெனச்சேன், கீழ இருக்கற சிவப்பு பட்டன் வெளிய தள்ளியிருக்கு, கொஞ்ச நேரம் ஆற விட்டு அமுக்கினதும் ஓடுச்சு. கால் ஜார் பேப்பர், முக்கால் ஜார் தண்ணி, விட்டு விட்டு ஓட்டணும், அப்பத்தான் பிழைக்கும். அரைச்சத பழைய வேட்டித் துணில கொட்டிப் பிழியணும், அந்தத் தண்ணிய சிங்க்ல ஊத்திடாதீங்க, அடைச்சுக்கும், அதுக்கு ஒரு பிளம்பர் கூப்பிட்டா கதை கந்தல். வெந்தயத்த தனியா வெண்ணெய் மாதிரி அரைச்சு ரெண்டையும் சப்பாத்தி மாவு பிசையற மாதிரி பிசையணும். வெந்தயம் சேந்ததும் கையில வழவழன்னு இழுக்கும், அந்தக் கொழகொழப்புதான் பசை, ஃபெவிகால் கிவிகால் எதுவும் வேணாம். ஒரு பிடி வேப்பிலையும் சேத்து அரைக்கறது எங்கம்மா வழக்கம், பூச்சி வராதும்பாங்க.

மொத தடவ நான் என்ன பண்ணேன்னா ஒரு பிளாஸ்டிக் பக்கெட்ட கவுத்துப்போட்டு ஒரு அங்குலம் கனத்துக்கு நல்லா கெட்டியா இருக்கட்டும்னு அப்பினேன். வெயில்ல வெச்சா வெடிக்கும்னு பயந்து உள்ள ஃபேனுக்கு அடியிலயே வெச்சேன். நாலாம் நாள் மேல காஞ்ச மாதிரி இருக்கு, உள்ள ஈரம், அஞ்சாம் நாள் பச்சையா பூஞ்சை. அம்மாகிட்ட சொன்னா, ஏண்டி அடை தட்டற மாதிரி தட்டுடி, யாரு உன்ன இட்லி மாதிரி வெக்கச் சொன்னதுன்னு திட்டு. கால் அங்குலம்தான் கணக்கு. மொத நாள் நிழல், அடுத்த நாள்லேந்து நல்ல வெயில்.

ரெண்டாவது தடவ கனம் சரியா வந்துச்சு, வெயில்லயும் சரியா காஞ்சுச்சு, ஆனா எவர்சில்வர் டப்பால அப்பியிருந்தேன், நேரா நிக்கற டப்பா. கூழ் காயக் காய சுருங்குது சார், சுருங்கி டப்பாவ கெட்டியா கவ்விக்கிச்சு, உருவவே முடியல, கடைசில அரிவாமனைல கீறித்தான் டப்பாவ மீட்டேன். அதனால கீழ குறுகி மேல விரியற பாத்திரமா எடுக்கணும், பானையோட அடிப்பாதி இல்ல சரிவான பேசின். பாத்திரத்துக்கு மேல ஈரத்துணி ஒண்ணு போத்திட்டு அது மேல அப்பினா துணியோட சேந்து லகுவா கழண்டு வந்துடும். பாதி காஞ்சதும் கழட்டிட்டு உள்பக்கமும் வெயில் படற மாதிரி நிமுத்தி வெக்கணும், அதுக்கு ரெண்டு நாள் வேணும்.

மூணாவது கூடைதான் இப்ப என் மிஷின் பக்கத்துல இருக்கு. மேடு பள்ளத்த உப்புத்தாள் வெச்சு தேச்சேன். வெளிப்பக்கம் மைதா பசைல வெள்ளத்தாள் ஒரு சுத்து ஒட்டி, வாசலுக்கு இடற காவிய கரைச்சுப் பூசி, மேல அரிசிமாவுல கோலம். விளிம்புக்கு பழைய பட்டு பார்டர் ஒண்ணு தெச்சுட்டேன், தெச்சேன்னா நெசமாவே ஊசிதான், கோணி ஊசி சுலபமா இறங்குது. மொத்தச் செலவு வெந்தயம்தான், பத்து ரூபாக்குள்ள. பழைய பேப்பர் கடையில போட்டிருந்தா அரை கிலோவுக்கு ஏழு ரூபா வந்திருக்கும், அதையும் செலவுல சேத்துக்குங்க, நான் கணக்குல நேர்மை.

ஒண்ணு மட்டும் எங்கம்மாகிட்டேந்து மாத்திக்கிட்டேன், உளுந்து பருப்பெல்லாம் நான் அதுல போடல. பேப்பர் மை சாப்பாட்டுல ஏறக்கூடாது, பேப்பர்ல பலகாரம் மடிக்காதீங்கன்னு எஃப்எஸ்எஸ்ஏஐங்கற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லயே சொல்லியாச்சு. மூணு நாள் ஊறினதுல மை முழுசா போயிடுச்சுன்னு நான் எப்படி உறுதியா சொல்றது? அதனால என் கூடைல நூல்கண்டு, பாபின், கொக்கி, டேப்பு, கஸ்டமர் விட்டுட்டுப் போன பித்தான், இதுங்கதான். மைதா பசைக்கு ராமபாணப் பூச்சி வரும், புக் பைண்டிங் பண்றவங்க அதுக்காக பசைல மயில்துத்தம் போடுவாங்க, ஆனா அது விஷம், கொழந்தைங்க இருக்கற வீட்ல வேணாம். மாசம் ஒரு தடவ வெயில்ல காட்டினா போதும்.

கூடையப்பத்தியே இவ்ளோ நீளமா எழுதிட்டேன், இன்னும் ரெண்டு விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். பழைய பருத்திப் புடவைய மூணு அங்குல பட்டையா கிழிச்சு, ஜடை பின்னற மாதிரி மூணு பட்டையா பின்னி, அத வட்டமா சுத்திக்கிட்டே அடில கெட்டி நூலால தெச்சுக்கிட்டே போனா கால்மிதி. ஒரு முழுப் புடவைக்கு ரெண்டடி அகலத்துல ஒண்ணு வரும். மிஷினே தேவையில்ல, சீரியல் பாத்துக்கிட்டே பின்னலாம். சுத்தறப்ப இழுத்துப் பிடிச்சா நடுவுல குண்டா தூக்கிக்கும், தளர விட்டு தரைல படுக்க வெச்சுத் தைக்கணும், இது தெரியாம எங்க ஓரகத்தி செஞ்சது தொப்பி மாதிரி வந்து அதைப் பூனை படுக்கையா போட்டிருக்கோம். பருத்திதான் எடுக்கணும், இத நான் அடிச்சு சொல்றேன். வழவழன்னு இருக்கற சிந்தெடிக் புடவைல ஒண்ணு பின்னி பாத்ரூம் வாசல்ல போட்டேன், தண்ணிய உறிஞ்சவும் இல்ல, டைல்ஸ்ல சறுக்கி நான் விழுந்ததுல இடுப்பு ஒரு வாரம் புடிச்சுக்கிச்சு. அடுப்புல சூடு பிடிக்கற துணிக்கும் அதேதான், பிளவுஸ் வெட்டின பிட்டுல ஆறேழு மடிப்பு வெச்சுத் தெச்சா அருமையா இருக்கும், நடுவுல ஒரே ஒரு சிந்தெடிக் பிட்டு கலந்துட்டா உருகி கையில ஒட்டிக்கும்.

இன்னொண்ணு பை. 2019 ஜனவரிலேந்து தமிழ்நாட்ல பிளாஸ்டிக் பைக்கு தடை, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு அரசாங்கமே ஆரம்பிச்சுச்சு, நல்ல விஷயம். ஆனா கடையில கலர் கலரா துணி மாதிரி ஒரு பை குடுக்கறாங்க பாருங்க, அதைத் துணின்னு நெனச்சு பத்திரமா மடிச்சு வெக்கறவங்க நெறைய. அது நெய்ததே இல்ல சார், ஊடும் பாவும் கெடையாது, பிளாஸ்டிக்க உருக்கி இழையா இழுத்து அமுக்கினது, அந்தத் தடைப் பட்டியல்ல அதுவும் இருக்கு. ஊசில குத்திப் பாத்தா எனக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும், உங்களுக்கு சந்தேகமா இருந்தா ஓரத்துல ஒரு நூல் உருவிப் பாருங்க, வராது. முட்டி கிழிஞ்ச பேன்ட்ல மேல்பகுதிய வெட்டி அடிய தெச்சுட்டா அஞ்சு கிலோ அரிசி தாங்கும், இடுப்புப் பட்டைல கைப்பிடி, ரெண்டு பக்கமும் ஏற்கனவே பாக்கெட் இருக்கு, சில்லற போட்டுக்கலாம். அடித்தையல் மட்டும் ரெண்டு ஓட்டு ஓட்டணும். எங்க வீட்டுக்காரர் அந்தப் பைய எடுத்துட்டு மார்க்கெட்டுக்குப் போக வெக்கப்பட்டாரு, அது அவரு பேன்ட்டுதான்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும்னாரு. இப்ப பழகிடுச்சு.

வயர் கூடை எழுதலாமேன்னு கேப்பீங்க, எங்க தெருவுல மகளிர் குழுல இருக்கற ஒருத்தங்க சிவன் கண்ணு, நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் கண்ண மூடிக்கிட்டு போடுவாங்க. எனக்கு வரல. வயர் கட்டும் இப்ப விலை ஏறிடுச்சு, ஒரு கூடைக்கு முடிச்சுப் போட்டே விரல் தேஞ்சுடும், அவங்ககிட்ட காசு குடுத்து வாங்கறதுதான் மரியாதை.

ஆக நான் கேக்கறது என்னன்னா சார், வாரத்துல ஒரு ஓரமாவது இந்த மாதிரி பழைய வேலைய போடுங்க. தஞ்சாவூர்ல ஒண்ணு இருக்கும், திருநெல்வேலி பக்கம் பனை ஓலைல வேற ஒண்ணு இருக்கும், அங்கங்க இருக்கற வயசானவங்கள கேட்டா சொல்லுவாங்க, அளவு மட்டும் அவங்க சொல்ல மாட்டாங்க, அதுக்கு நீங்க ஒருத்தர உக்கார வெச்சு செஞ்சு பாத்து எழுதணும். கூடவே எவ்ளோ செலவாச்சு, எத்தன நாள் ஆச்சு, எங்க சொதப்பிச்சுன்னு போடுங்க. பள்ளிக்கூடத்து ப்ராஜெக்ட்டுன்னு தெர்மாகோல் வாங்கி வாங்கியே மாசம் இருநூறு ரூபா போகுது எங்க தெருவுல ஒவ்வொரு வீட்லயும், அந்தக் கொழந்தைங்களுக்கு மலையும் எரிமலையும் இந்தக் கூழ்ல செய்யலாம்னு ஒரு வரி போட்டாலும் புண்ணியம். சின்னவ இப்ப ஒரு பூமி உருண்டை பண்ணிக்கிட்டிருக்கா, பலூன் ஊதி அது மேல அப்பியிருக்கா. வெயில்ல வெச்சதும் உள்ள காத்து விரிஞ்சு பூமத்திய ரேகைல விரிசல் விட்டிருக்கு, நிழல்ல வெச்சு மறுபடி அப்பறா.

கடைசியா ஒண்ணு, இது ரொம்ப முக்கியம். உங்க ஞாயித்துக்கெழம இணைப்பு வழவழன்னு பளபளன்னு வருதில்ல, அந்தப் பேப்பர் மட்டும் ஊற மாட்டேங்குது. மேல ஏதோ மாவு பூச்சு இருக்கு, தண்ணில போட்டா பால் மாதிரி வெள்ளையா கரையுது, மிச்சம் இருக்கறதுல நார் கம்மி, அதுல செஞ்ச கூடை கையோட பொடியா உதிருது. மத்த நாள் வர்ற சாதா பேப்பர்தான் நல்ல கூடையா ஆகுது. கைவேலைப் பக்கத்தையும் அந்த சாதா பேப்பர்லயே அடிச்சுடுங்க சார், நாங்க படிச்சு செஞ்சு முடிச்சதும் அதையும் ஊறப்போட்டுடுவோம்.

இப்படிக்கு,
ஒரு தையக்கார வாசகி,
கும்பகோணம் பக்கம்.